வழுக்கி விழுந்ததாக எழுதியவை

அமெரிக்கக் கால்பந்து என்று ஒரு விளையாட்டு இருப்பதே இந்த வேலைக்குச் சேரும்வரை எனக்குத் தெரியாது. கால்பந்து என்கிறார்கள், ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். தென்காசியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் எட்டுப் பேர். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டத்தின் வீடியோ திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு வந்துவிடும். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் யாரை எப்படி இடித்தார், இடிபட்டவர் எப்படி விழுந்தார் என்று கட்டம் கட்டமாகக் குறிக்க வேண்டும். அந்த விவரத்தை யாரோ வாங்குகிறார்கள். எதற்கென்று நாங்கள் கேட்டதில்லை.

எனக்கு வந்து சேர்ந்தது குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். அவர் அதைத் தூரத்தில் ஓடுகிற ஆளுக்கு எறிய வேண்டும். எறிகிறவரை ஐந்து தடியர்கள் முன்னால் வேலி கட்டி நிற்பார்கள். ஆனால் சிலர் எறிவதற்குக் காத்திருக்காமல் பந்தோடு தாங்களே ஓடிவிடுவார்கள். அப்படி ஓடுகிறவர்களின் உடம்பு எத்தனை வருஷம் தாங்கும் என்பது அந்த ஊரில் ஓயாத வாக்குவாதமாம். அதனால் அவர்கள் வாங்கும் ஒவ்வொரு இடியையும் நான் எழுத வேண்டும்.

முதல் மாதமே மானம் போயிற்று. சென்னையிலிருந்து எங்கள் மேலதிகாரி அம்மா ஃபோனில் கூப்பிட்டு, "அந்த மைதானங்களில் எல்லாம் மழையா சார்? இத்தனை பேர் ஏன் வழுக்கி விழுகிறார்கள் என்று அங்கே கேட்கிறார்கள்" என்றார். வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். ஓடுகிற குவார்ட்டர்பேக், எதிரே ஆள் நெருங்கும்போது காலை முன்னால் நீட்டி, தரையில் சறுக்கி உட்கார்ந்துவிடுகிறார். நான் அதை 'வழுக்கி விழுந்தார்' என்ற கட்டத்தில் போட்டிருந்தேன். அது வழுக்கல் இல்லை, வேண்டுமென்றே செய்வது, அப்படி உட்கார்ந்த ஆளை யாரும் இடிக்கக் கூடாது என்பது விதி என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் கபடி ஆடி வளர்ந்தவர்கள். மூன்று பேருமே அதே கட்டத்தில்தான் போட்டிருந்தோம். கெட்டிக்காரனாக ஓடிக்கொண்டிருந்த ஒருவன் தானாகவே தரையில் உட்காருவான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

"தானா உக்காந்துக்கிடுதானா? அதுக்குக் கை வேற தட்டுதாவளா? நம்ம பக்கம் அப்படி உக்காந்தா ஊரே காறித் துப்பும்."

அவளுக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. வடகரை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அதைவிட முக்கியம், அவள் கபடியில் ரைடர். எதிரணி ஏழு பேர் நிற்கும் கட்டத்துக்குள் ஒற்றை ஆளாகப் பாடிக்கொண்டு போய், தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறவள். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நான் அவளைப் பார்த்ததே அப்படித்தான். கைகோத்து மறித்த இரண்டு பேரைத் தாண்டிக் குதித்து, நடுக்கோட்டில் கை வைத்து, எழுந்து மண்ணைத் தட்டிவிட்டாள். இந்தப் பெண்ணை எனக்குக் கட்டிவைக்காவிட்டால் சன்னியாசம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சன்னியாசம் போகிற முகமா இது என்று அப்பா கேட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அதே மாதிரி இரண்டு பேரைத் தாண்டிக் குதித்தபோது அவள் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றேன். ஜவ்வு அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை கூச்சலில் அது கேட்டிருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது. திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை, அப்புறம் மாதக்கணக்கில் கட்டிலும் ஊன்றுகோலும். குளியலறைக்கு நான்தான் தாங்கிக் கூட்டிப் போவேன். வலி வந்தால் அவள் என் தோளைக் கடிப்பாள், கத்த மாட்டாள். அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல் இருந்தது. இவள் இனி அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது.

கால் தேறியது. கவனமாக ஆடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரு நாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க தெனமும் இதத்தான பாக்குதீய. நெசமாச் சொல்லுங்க, ஓடுதவனுக்குத்தான் அடி அதிகமா?" என்று கேட்டாள்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ விட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். டாக்டர் சொன்னதற்கு மேல் என் எழுத்தை அவள் நம்பினாள். நான் பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி வாங்கினால்கூட எண்ணிப் பார்த்து வாங்குகிற ஆள் என்பது அவளுக்குத் தெரியும்.

நான் எழுதி வைத்திருந்தது என்ன? ஓடுகிறவன் நிறைய இடிபடுகிறான், நிஜம்தான். வருஷங்கள் சேரச் சேர அது உடம்பைத் தின்னவும் செய்யும். ஆனால் நான் பார்த்த வரையில் மோசமான இடிகள் நின்ற இடத்தில் நிற்பவனுக்கே விழுந்தன. ஓடுகிறவன் வருகிற ஆளைப் பார்க்கிறான். ஒதுங்குகிறான், கோட்டுக்கு வெளியே போகிறான், உட்கார்ந்துவிடுகிறான். வேலிக்குள் நிற்பவனோ தூரத்தைப் பார்த்து நிற்கும்போது பின்னாலிருந்து வந்து விழுகிறார்கள். இதை எழுதி எழுதி எனக்கு மனப்பாடம்.

அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஓடுகிற ஒருவன், யாரும் தொடாமலே, திரும்பும்போது முழங்கால் மடங்கி விழுகிற வீடியோ ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தேடி எடுத்துக் காட்டினேன். "இப்படித்தான். ஓடுதவனுங்க ரொம்ப நாள் தாங்க மாட்டானுவ" என்றேன். அது ஒரே ஒரு வீடியோ. அவள் அதை இரண்டு முறை பார்த்தாள். சரி என்று எழுந்து போனாள்.

அடுத்த வாரம் தன் ஆட்டக் காலணியைப் பள்ளியில் அவளிடம் கபடி படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். முட்டிக்குப் போடும் உறையைத் துவைத்து மடித்துப் பரண்மேல் வைத்தாள். அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது, அருவிக்குப் போனோம், நனைந்தோம், பஜ்ஜி தின்றோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பைக்கில் வரும்போது பசங்கள் கபடி ஆடுகிற மைதானம் வந்தால் அவள் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்குக் கண்ணாடியில் தெரியும். பாதுகாப்பாக வைத்துவிட்டோம் என்று நான் நினைத்த பெண், வீட்டுக்குள் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஆனாலும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஐப்பசி மழை பெய்த ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல ஒரு குவார்ட்டர்பேக் எறிவதற்காகக் கையைத் தூக்கி நிற்கிறார். பின்னாலிருந்து ஒருவன் வந்து அவர் முதுகில் விழுகிறான். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, யார் இடித்தது என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். 'பார்க்காத திசையிலிருந்து' என்ற கட்டத்தில் குறி போடப் போனவன் அப்படியே நிறுத்திவிட்டேன். நான் என் மனைவியை இடித்ததும் இப்படித்தானே என்று தோன்றியது. நம்பி நின்ற இடத்தில், பின்னாலிருந்து. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மழையிலேயே வீட்டுக்கு வந்தேன்.

பள்ளி சீக்கிரம் விட்டிருந்தார்கள். அவள் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் துவட்டாமல், நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி வைத்திருப்பது இது, உன்னிடம் காட்டியது இது, பொய் சொல்லிவிட்டேன்.

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கம்ப்யூட்டர வீட்டுக்குக் கொண்டாரும்போது நானும் பாக்கத்தான செய்தேன். நிக்கவன்தான் மோசமா அடிவாங்குதான். ஒரு வாரத்துலயே தெரிஞ்சிட்டு."

"பின்ன ஏன் ஆட்டத்த விட்ட?"

"அந்த வீடியோவக் காட்டும்போது நீங்க அதப் பாக்கல, என் முட்டியத்தான் பாத்தீய. அதுக்காவத்தான் விட்டேன். கணக்குக்காவ இல்ல." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பயமா இருக்குன்னு நேரா சொல்லிருக்கலாம்லா. அமெரிக்காக்காரனக் கூட்டிட்டு வந்து சொல்லணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் இருந்ததால் கொஞ்சம் கௌரவம் தப்பியது. "பயமாத்தான் இருக்கு" என்றேன். "அந்தச் சத்தம் இன்னமும் காதுல கேக்கு."

"சொல்லியாச்சுல்லா. இனி நான் ஆடலாம்" என்றாள். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டாள்.

மறுநாள் பரணில் ஏறி உறையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். புதுக் காலணி வாங்கினோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பயிற்சி முடித்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சறுக்கி உட்காருகிறவர்களையே மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். "பாருங்க, இவன் வுழுகதுக்கு முன்னாடியே எங்கன வுழணும்னு பாத்துட்டான்" என்பாள். அதை நான் இரண்டு வருஷமாகப் பார்த்தும் கவனிக்கவில்லை. ஆனால் கடைசியில் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வாள்: "நமக்கு இது ஆகாது. வெக்கக்கேடு."

இந்த ஆனியில், குற்றாலம் போகிற வழியில் ஒரு மைதானத்தில் பெண்கள் கபடி நடந்தது. மேலே தகரக் கொட்டகை. சாரல் ஒரு பக்கமாக அடித்து, அந்த ஓரத்தில் மட்டும் மேட் நனைந்திருந்தது. அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலித் தம்பியும் என்னோடு வந்திருந்தான். அவளுடைய ஆட்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, என்னால் நடுநிலையாக எழுத முடியாது. நன்றாக ஆடினாள். இரண்டாம் பாதியில், அவள் உள்ளே போனபோது, ஓரத்தில் இரண்டு பேர் கைகோத்து மறித்தார்கள். மூன்றாவது ஆள் பின்னால் வந்தாள். அந்தப் பழைய இடம்தான். குதித்தால் தாண்டிவிடுவாள். முழங்காலை மடக்கிக் குதிக்கத் தயாரானதையும் பார்த்தேன்.

அவள் ஒரு கணம் பக்கத்துக் கோட்டைப் பார்த்தாள். பிறகு காலை நீட்டி, சறுக்கி, கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

விசில் அடித்தார்கள். எதிரணிக்கு ஒரு புள்ளி. கூட்டம் உச்சுக் கொட்டியது. "மைனி வழுக்கிட்டாவளே அண்ணாச்சி. தண்ணி கெடக்கு போல" என்றான் தம்பி. ஒருவர் துணியோடு ஓடிவந்து அவள் சறுக்கிய இடத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நனைந்தது மறு ஓரம். இந்தப் பக்கம் காய்ந்துதான் கிடந்தது.

அந்தப் புள்ளியால் அவர்கள் தோற்கவில்லை. அடுத்த ஆட்டத்தில்தான் தோற்றார்கள். வெளியே வரும்போது தெரிந்தவர்கள் எல்லாம் அவளைத் தேற்றினார்கள். ஒவ்வொருவரிடமும் அவள், "ஆமா, வழுக்கிட்டு" என்றாள். அவள் அம்மாவும் ஃபோனில் கேட்டாள். அவளிடமும் அதே பதில். இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டத்திலும் வழுக்கி விழாதவள்.

பைக்கை எடுக்கும்போது கேட்டுவிட்டேன். "எல்லார்கிட்டயும் ஏன் வழுக்கிட்டுன்னு சொல்லுத?"

பின்னால் ஏறி உட்கார்ந்து, என் தோளில் கை வைத்தாள்.

"பின்ன, வீட்டுல ஒருத்தர் பயப்படுதாவன்னு சொல்லவா?"

சாரல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பாமல் இடது கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை.