யோகனின் படகை இழுத்த பாட்டு

நிலாவெளிக் கரைவலையில் எனக்குச் சம்பளம் இழுப்பதற்கல்ல, பாடுவதற்குத்தான் என்பார்கள். உண்மைதான். நான் ஒரு வரி அம்பாப் பாட்டு எடுக்க, மற்றவர்கள் பதில் பாடி ஒரே மூச்சில் வலையை இழுப்பார்கள்.

மூதூர்ப் பக்கம் மகாவலி ஆறு பெருகியபோது, எங்களோடு வலை இழுக்கும் யோகன் தன் படகோடு மூழ்கிப்போனான். அவனுடைய தகனம் முடிந்தபின் படகை எடுக்கப் போனோம். விட்டால் வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோய்விடும். அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பில்லை.

இரண்டு பேர் தண்ணீருக்குள் சுழியோடிப் படகில் கயிறு கட்டினார்கள். செத்த வீட்டுக்காரருக்கு முன்னால் பாடுவதா என்று நான் வாயை மூடிக்கொண்டேன். பாட்டில்லாமல் ஆளாளுக்கு ஒவ்வொரு நேரத்தில் இழுத்ததால் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது.

கரையில் நின்ற யோகனின் மனைவி என் கிட்ட வந்தாள்.

“அண்ணை, பாடுங்கோ.”

“ஏலாது பிள்ளை. என்ர பாட்டெல்லாம் பகிடி.”

“அதைத்தான் பாடுங்கோ. அவர் வீட்டிலயும் அதைப் பாடித்தான் சிரிக்கிறவர்.”

“தொந்தி முன்னால போகுது, ஏலேலோ!” என்று என்னையே நக்கலடித்துப் பாடினேன். பதில் வரியை எப்போதும் யோகன்தான் முதலில் எடுப்பான். இப்போது ஒருவரும் எடுக்கவில்லை.

“ஆள் பின்னால வருகுது, ஏலேலோ!”

அவள்தான் எடுத்தாள். எல்லாரும் சேர்ந்து பாட, கயிறு இறுகியது.

படகு மணலில் ஏறி, நாங்கள் கயிற்றை விட்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை. அழுதபடியே பாடினாள். ஆட்களைச் சிரிக்கவைக்கத்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று, அவள் அழுது முடியும்வரை அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நின்றேன்.