இருபத்துமூன்று டி-ஷர்ட்டுகளோடு செம்பூர், மாதுங்கா, தாராவி

எங்கள் கோபர்கைரனே குடியிருப்பின் விளையாட்டு விழாவுக்கு டி-ஷர்ட் தேர்ந்தெடுத்தது நான்தான். பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி நெய்தது, பயன்படுத்திய பின் மறுபடியும் துணியாக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. மைக்கில் அதை நானே உரக்க வாசித்தேன். வெயிலில் போட்டவர்கள் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று ஒவ்வொருவராக என் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். இருபத்துமூன்று சேர்ந்தன. "நீங்க சொன்ன மாதிரி திருப்பிக் கொடுத்துடுங்க ஆன்ட்டி" என்று மூன்றாம் மாடிப் பெண் சிரித்தாளே, அதுதான் தாங்கவில்லை. போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். இதே காரியமாகப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும் பழைய பருத்திப் போர்வையில் மூட்டை கட்டிக்கொண்டு 9.10 ரயில். வாஷியில் மாறி செம்பூரில் இறங்கும்போது பத்து மணி. டிக்கெட் பதினைந்து ரூபாய். பழைய துணி வாங்கும் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரிய துணிக்கடை அங்கே இருக்கிறது. பதினொரு மணிக்குத்தான் திறக்கிறார்கள், அவசரப்படாதீர்கள். கவுன்டர் பெண் தமிழும் ஹிந்தியும் கலந்து பேசினாள்.

"மூணு பீஸ்தான் மேடம், அதுவும் நம்ம கடை லேபிள் இருக்கணும்."

"இல்லாட்டா?"

"லேனா மனா ஹை மேடம், வாங்கக் கூடாதுன்னு ஆர்டர். வேணும்னா இந்தக் கூப்பன் வச்சுக்குங்க, புது டிரஸ்ல பதினஞ்சு பர்சென்ட் கம்மி."

துணியைத் தொலைக்க வந்தவளிடம் துணி வாங்கச் சொல்கிறார்கள்!

பையாகவாவது தைத்துவிடலாம் என்று தோன்றியது. சயான் வரை ஆட்டோ, தொண்ணூறு ரூபாய். அதற்கு மேல் ஆட்டோ போகாது என்பதால் டாக்சி, ஐம்பது ரூபாய். மாதுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு தையல்காரர் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"இது ஸ்ட்ரெட்ச் ஆகும் மேடம். ரெண்டு கிலோ அரிசி போட்டா பை தரையைத் தொடும். பேசாம தாராவிக்கு எடுத்துண்டு போங்கோ, அங்க சிந்தி வாங்கறவா இருக்கா."

சிந்தி என்றால் இங்கே கந்தல், வெட்டுத்துணி. ஒரு இட்லியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு மூட்டையைத் தூக்கினேன்.

மாதுங்காவிலிருந்து தாராவி மூன்று கிலோமீட்டர், டாக்சிக்கு அறுபது. நயன்ட்டி ஃபீட் ரோட்டில் இறங்கி இரண்டு பேரிடம் கேட்டால் காட்டிவிடுவார்கள். கிடங்கில் என் வயதுப் பெண் ஒருத்தி துணிக்குவியல் நடுவே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் மாரியம்மாள், திருநெல்வேலிப் பக்கம். ஒரு டி-ஷர்ட்டை விரலால் தேய்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எக்கா, இது பாலிஸ்டருல்லா. வேண்டாம்."

"ஏன்?"

"ஒர்க்சாப்புல மெசின் தொடைக்கத்தான் எங்ககிட்ட வாங்குவாவ. இது எண்ணெயக் குடிக்காது. இங்க பாருங்க."

குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தாள். முத்து முத்தாக உருண்டு கீழே போயிற்று.

"பழைய பாட்டிலை உருக்கிச் செஞ்சதும்மா. அட்டையில போட்டிருக்கே?"

"அட்டைய யாருக்கா பாக்கா? நாங்க துணியல்லா பாக்கோம். பாட்டிலாவே இருந்திருந்தா பக்கத்துச் சந்துலயே உருக்கிருப்பாவ. துணியாக்கிக் கெடுத்துட்டாவளே!" பிறகு போர்வையைத் தடவினாள். "இதத் தாங்க. நல்ல காட்டனு."

போர்வையை எடுத்துக்கொண்டு, டி-ஷர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் சாக்கில் திணித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். கோபம் யார் மேல் என்று தெரியாமல் ஜி.டி.பி. நகர் ரயில் நிலையத்துக்கு டாக்சி பிடித்தேன். வாஷி வரும்போது தெரிந்துவிட்டது. மைக் பிடித்தது நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "நான் சொன்னது தவறு. இவற்றை யாரும் திருப்பி எடுப்பதில்லை. விசாரிக்காமல் வாங்க வைத்ததற்கு மன்னியுங்கள்." ஒருவரும் கேலி செய்யவில்லை. கிரிக்கெட் ஆடும் பையன்கள் பதினொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

போகிறவர்களுக்கு: பருத்தியாக இருந்தால் செம்பூர், மாதுங்கா எல்லாம் வேண்டாம், நேரே தாராவி. மதியத்துக்கு முன் போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பாலியஸ்டராக இருந்தால் வீட்டிலேயே இருங்கள். புதிதாக "மறுசுழற்சித் துணி" வாங்கினால், எந்த ஊரில் எந்தக் கதவில் திருப்பித் தருவது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மீதிப் பன்னிரண்டும் என் அலமாரியில். தினமும் ஒன்றைப் போட்டுக்கொண்டு காலை நடைக்குப் போகிறேன். அரிக்கிறது. கிழியும்வரை போடுவது என்று முடிவு. பாலியஸ்டர் அவ்வளவு லேசில் கிழியாது என்பதுதான் தொல்லை.