மியூஸ்லியில் கலவன்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, வீட்டில் முதலில் நின்றுபோனது காலை இட்லி. அவருக்கு விரல் மடங்கவில்லை, இட்லியைப் பிய்க்க முடியவில்லை. நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வார்.

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

அதுவும் குழறலாகத்தான் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தட்டை ணங்கென்று வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுவேன். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். கை வராமலே போய்விடுமோ என்ற பயம் எனக்கு. அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சுப் பந்தைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் போட்டிருந்தார். பூனைதான் அதை வைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது.

சென்னையிலிருந்து வந்த மகள் ஒரு பெரிய பாக்கெட்டைப் பிரித்தாள். மியூஸ்லியாம். ஓட்ஸ், உலர்திராட்சை, பாதாம் சீவல், பூசணி விதை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

"பால ஊத்தி ஊறவெச்சா போதும்மா. நார்ச்சத்து, புரதம் எல்லாம் இருக்கு. சர்க்கரை சேக்காதது, டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். ஸ்பூன்ல சாப்பிடறதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன?"

நெல் விளைகிற வீட்டில் பாக்கெட்டைப் பிரித்துப் பசியாறுவதா என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். பால் காய்ச்ச உள்ளே போனேன்.

எங்களுடையது விதைநெல் வயல். அதில் வேறு ரகத்துப் பயிர் ஒன்று தலைநீட்டினாலும் அதற்குக் கலவன் என்று பெயர். கதிர் வரும் சமயத்தில் இவர் வரப்பு வரப்பாக நடந்து கலவனை வேரோடு பிடுங்கி எறிவார். ஒன்று தப்பினாலும் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. கல்யாணப் பந்தியில்கூடக் கூட்டும் பொரியலும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்கிற ஆள்.

பாலோடு திரும்பி வந்தால், தட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு இத்தன கலவன விட்டது?"

இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டார். வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல நகர்ந்து வந்து ஒரு திராட்சையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியது. அது உருண்டு திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினார். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பால் ஆறிப்போனது.

அதிலிருந்து தினமும் காலையில் கலவன் எடுப்புதான். திராட்சை ஒரு பக்கம், விதை ஒரு பக்கம், பாதாம் ஒரு பக்கம். பிரித்ததையெல்லாம் தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருக்கும் ஓட்ஸில் பால் ஊற்றச் சொல்வார். மியூஸ்லி செய்தவன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் தட்டு காலியாகும். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

பாக்கெட் தீர்ந்ததும், பாவம், இவ்வளவு மெனக்கெட வேண்டாமே என்று வெறும் ஓட்ஸ் வாங்கி வைத்தேன். கிளறிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"இதுல எடுக்க என்ன இருக்கு?"

முகம் வாடிப்போயிருந்தது. வாய் நிறையத் திட்டிக்கொண்டே வெயிலில் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய் மியூஸ்லி வாங்கி வந்தேன். திட்டினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம்.

சம்பா கதிர் விடும் சமயம். ஒரு நாள் காலையில் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று விரல் திராட்சையைத் தள்ளவில்லை. கட்டைவிரல் நடுங்கி நடுங்கி அருகில் வந்தது. இரண்டு விரலும் சேர்ந்தன. திராட்சை தட்டைவிட்டு மேலே எழும்பியது. அதை அவர் ஓரத்தில் வைக்கவில்லை. என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"வாயத் தொற."

"நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே திறந்தேன்.