மனு அடித்துக் கொடுத்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீஸ் வாசலில் ஒருவர் மனுக்கள் தட்டச்சு செய்து கொடுப்பார். ஒல்லியான ஆள். அடித்த தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கையில் தர மாட்டார். வெல்டரான நான் குவைத் வேலைக்கு அவரிடம்தான் விண்ணப்பம் அடித்து வாங்கினேன்.

"பிளேன் ஏர்றதுக்கு முன்னாடி வூட்ல ஆறு மாசச் சோத்துக்கு வெச்சிட்டுப் போ" என்று சொல்லி, தபாலாபீஸில் மாதச் சேமிப்புக் கணக்கும் தொடங்க வைத்தார். எங்கள் ஊர் பென்னலூருக்குத் தபால் தாமதமாக வரும் என்பதால் விண்ணப்பத்தில் அவர் முகவரியையே கொடுத்திருந்தேன்.

நேர்காணலுக்கு அழைத்து எனக்கு வந்த கடிதத்தை அவர் காட்டவே இல்லை. என் அனுபவச் சான்றிதழைப் பார்த்து அதேபோல் ஒன்றைத் தன் தங்கை புருஷன் பேரில் அடித்து, அவனை அந்த நேர்காணலுக்கு அனுப்பிவிட்டார். அவன் குவைத் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று போய்க் கேட்டேன்.

"அவன் வேலை இல்லாம இருந்தான்பா. தங்கச்சி மூஞ்சப் பாக்க முடியல." அவர் தலை நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோவத்துல அந்தக் கணக்க மட்டும் மூடிடாத."

நான் மூடவில்லை. அந்தப் பணத்தில்தான் பின்னால் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டேன். பட்டறை பூஜைக்கு அவரை அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.