கத்திச் சொன்ன ரகசியச் சொல்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம் நான் மலாக்கா டவுனில் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. சிறு தோட்டக்காரர்கள் காயவைத்த ரப்பர் ஷீட்டை எங்கள் கிடங்கில் போட்டுவைப்பார்கள். விலை ஏறும்போது டெலிபோனில் விற்கச் சொன்னால் போதும். அவர்கள் அனுப்பும் ஆளிடம் பணத்தைக் கொடுத்துவிடுவோம். பேசுவது யார் என்று தெரிய ஆளுக்கொரு ரகசியச் சொல். அதை யார் சொன்னாலும் வாடிக்கையாளரே சொன்னதாகும், கம்பெனி பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தின் அடியில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

காஜா பேராங்கில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அண்ணன் வாடகைக்கு இருந்தார். புக்கிட் பாரு பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம். வருஷக் கடைசிக்குள் பணம் கட்டினால் வீடு அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் நல்ல விலை வரட்டும் என்று மொத்த ஷீட்டையும் எங்களிடம் சேர்த்தார். ஒப்பந்தத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டவர், கையெழுத்துப் போடுமுன் நிறுத்தினார்.

"தம்பி, வேற யாராச்சும் இந்த வார்த்தைய சொல்லிட்டா?"

பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். மேனேஜர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சும்மா ஃபார்முக்கு போட்டிருக்கான் அண்ணே. நான்தானே இங்க உக்காந்திருக்கேன்."

கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பக்கம் யார் வீட்டில் டெலிபோன் இருந்தது? எல்லாருக்கும் முனை மளிகைக் கடைதான். லைன் கரகரக்கும், கத்தினால்தான் கேட்கும். விலை விசாரிக்கக்கூட முதலில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்டதா என்று நாங்களும் திருப்பிக் கத்துவோம். கருவாடு வாங்க வந்தவர்களுக்குக்கூட ஊர் ரகசியம் முழுக்க மனப்பாடம். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்று கம்பெனி பீற்றிக்கொண்டது.

ஒரு மத்தியானம் அண்ணனின் சொல்லோடு ஓர் அழைப்பு வந்தது. எடுத்தவன் நான். எல்லாவற்றையும் விற்று, வரும் ஆளிடம் பணத்தைக் கொடுக்கச் சொன்னது குரல். அது அவர் குரல் இல்லை. தினம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? ஆனால் சொல் சரியாக இருந்தது, நமக்கென்ன என்று எழுதிக்கொண்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுவாரம் விலை கேட்க நேரிலேயே வந்த அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பணம் வாங்கிப் போனவனைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மேனேஜர் ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டி, அந்தப் பிரிவைத் தமிழில் படித்துக்காட்டச் சொன்னார். முதல்முறையாக ஒரு வார்த்தை விடாமல் படித்தேன்.

"இதத்தானே தம்பி நான் அன்னிக்கே கேட்டேன்" என்றார் அண்ணன். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

வருஷக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றப் போனேன். அண்ணனின் மனைவி என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தானே ஏற்றினார்.

அடுத்த வாரம் புதிதாக ஷீட் போட வந்த ஒருவர் அண்ணன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். சும்மா ஃபார்முக்குத்தான் என்று அதே பதிலைச் சொன்னேன். நான்தானே இங்க உக்காந்திருக்கேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.