நடுவில் வைத்த சில்லு

ரங்கூனில் குண்டு விழுந்த வருசம், என் அத்தை தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாமா வழியிலேயே செத்துப்போனார். காடும் மலையுமாக நடந்து வந்ததில் அத்தையின் கால் வெடித்துக் கிடந்தது. திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே எங்கள் கரிசல் ஊரில் அத்தனை தூரம் போய்த் திரும்பியவர்கள் யாருமில்லை. சனம் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. நானும் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. என்னைப் பெற்ற ஐயா அந்தப் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டதுதான் என் கண்ணில் பட்டது. நடக்கத் தெரிந்த நாள் முதல் என்னை அவர் மடியில் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பிள்ளை ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது ஓர் ஓலைப்பெட்டியும் ஓர் ஆட்டமும்தான். உடைந்த பானையின் ஓட்டுத்துண்டைச் சீசா மூடி அளவுக்கு உரசி உரசி வட்டச் சில்லாக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவு. பித்தளைத் தாம்பாளத்தில் ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, வைத்ததை நகர்த்தக்கூடாது. யாருக்கு வைக்க இடமில்லையோ அவள் தோற்றாள். தாயக்கட்டை கிடையாது, ஒளித்து வைக்க ஒன்றும் கிடையாது. எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். அப்படிக் கிடந்தும் ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை.

முதல் சில்லை அவள் நட்டநடுவில் வைப்பாள். அப்புறம் நான் இந்த ஓரத்தில் வைத்தால் அவள் நேர் எதிர் ஓரத்தில். நான் கிழக்கே என்றால் அவள் மேற்கே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இங்க பாரு ஆத்தா, நான் வைக்கிறதப் பாத்துப் பாத்து வைக்கிறா! சொந்தப் புத்தியே கெடையாது இவளுக்கு!"

ஆத்தா சோளம் புடைத்துக்கொண்டே சொன்னாள். "சொந்தப் புத்திக்காரி, நீ ஏன்டி தோக்குற?"

ஐயா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எந் தங்கச்சி மக மூளையப் பாரு," என்றார். அந்தச் சொல் எனக்கு நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

படிப்பு எனக்கு எழுத்துக் கூட்டுகிற அளவுக்குத்தான். ஆனால் லேசில் ஏமாறுகிறவள் இல்லை நான். நடுவில் வைக்கிறவள்தான் ஜெயிக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். மறுநாள், "இன்னைக்கு நாந்தான் மொதல்ல," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி மதினி. அப்ப தாம்பாளம் வேண்டாம், திருகைல வைப்போம்."

திருகையின் மேல்கல்லை இரண்டு பேருமாக இறக்கி வைத்தோம். அடிக்கல் நல்ல வட்டம். ஆனால் அதன் நடுவில் இரும்பு முளை நிற்கிறது, அங்கே எதை வைப்பது? நான் எங்கேயோ வைத்தேன், அவள் அதற்கு நேர் எதிரே வைத்தாள். தோற்றேன். அடுத்த நாள் திருகையில் அவளை முதலில் வைக்கச் சொன்னேன். "நான் மொதல்லன்னா தாம்பாளத்துல ஆடுவோம் மதினி," என்றாள், தேன் மாதிரி. பர்மாக்காரர்களிடம் ஏதோ மந்திரம் படித்து வந்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவள் சில்லு வைக்கும்போது வாய் அசைகிறதா என்று பார்ப்பதே அப்புறம் எனக்கு வேலையாகப் போயிற்று.

அம்மன் கோயில் பொங்கல் வந்தது. யுத்த காலம், துணிக்குக் கண்ட்ரோல். ஐயா அருப்புக்கோட்டைக்குப் போய் நாளெல்லாம் வரிசையில் நின்று ஒரு துண்டுத் துணி வாங்கி வந்தார். அரக்குச் சிவப்பு. ஒரு பாவாடைக்குத்தான் காணும். என்னிடம் இருந்தது சாயம் போனது. அவள் உடுத்தியிருந்ததோ ஒட்டுமேல் ஒட்டு. ஐயா துணியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆத்தா அந்தத் துணியையே முறைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றாலே வீடு கனத்துவிடும்.

"எம் புள்ளைக்கு எதுக்குண்ணே? இருக்கறதக் கட்டிக்கிருவா," என்றாள் அத்தை, அடுப்படியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"சண்ட எதுக்கு? சில்லு வையுங்க. ஜெயிக்கிறவளுக்குத் துணி," என்றார் ஐயா.

தாம்பாளம் கோயிலுக்குப் போயிருந்தது. திருகையைத் திறந்தோம். நான்தான் முதலில் என்று அடம்பிடித்தேன், அடம்பிடித்த பிறகுதான் முளை ஞாபகம் வந்தது. சொன்ன வாயை மாற்றிக்கொள்ளக் கௌரவம் விடவில்லை. வைத்தேன். எதிரே வைத்தாள். வைத்தேன். எதிரே வைத்தாள். கல் நிறைந்துகொண்டே வந்தது. அரக்குச் சிவப்பு அவள் இடுப்பில் ஏறிவிட்டது போலவே எனக்குத் தெரிந்தது.

கடைசியில் என் பக்கம் ஓர் இடம், அவள் பக்கம் ஓர் இடம், ஒவ்வொன்றிலும் நெருக்கி வைத்தால் இரண்டு சில்லு கொள்ளும். நான் என் பக்கம் ஓரத்தை ஒட்டி வைத்தேன். அவளும் தன் பக்கம் ஓரத்தை ஒட்டி வைத்தால் போதும், ஆட்டம் அவளுக்குத்தான். சில்லை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கை அங்கே நின்றது. ஆத்தாவைப் பார்த்தாள். அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பிறகு அந்த இடத்தின் நட்டநடுவில் சில்லை வைத்தாள். அங்கே இனி எதுவும் கொள்ளாது. மிச்சம் என் பக்கத்து ஒற்றை இடம்தான். நான் வைத்தேன். அவளுக்கு இடமில்லை.

நான் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் கூரைமேல் ஏறியது. ஐயா துணியை என் மடியில் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை. அவள் தலையில் கையை வைத்து, "தாயீ..." என்றார். ஜெயித்தவள் நான், அவர் கை அங்கே! அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனபோதும் வயிறு எரிந்துகொண்டேதான் போனேன். "நல்லாருக்கு மதினி," என்று பின்னாலேயே வந்தாள் அவள். மந்திரம் தீர்ந்துவிட்டது என்று அந்த மட்டில் எனக்கொரு திருப்தி.

கலியாணமாகிப் போன ஊரில் ஒருநாள் பயறு உடைக்கத் திருகையைத் திறந்தபோது அந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. முளை இருக்கிற கல்லில் இரண்டாவதாக வைக்கிறவள் எதிரே எதிரே வைத்துக்கொண்டு போனால் அவளுக்கு எப்போதும் ஓர் இடம் இருக்கும். தாயம் என்றால் கட்டை சரியாக விழவில்லை என்று சொல்லலாம். இதில் விழுகிறதற்கு ஒன்றுமில்லை. வழி தெரிந்தவள் தோற்கவே முடியாது, தானாகத் தோற்றாலொழிய.

யார் வீட்டில் இருந்து ஆடுகிறோம் என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கோ அது என் வீடு என்பதுகூடத் தெரியாமல் இருந்தது.