கடலடியில் என் பத்து நிமிஷம்

நாமக்கல் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண் நான். மோட்டார் ரூம் சுவரிலிருந்து கிணற்றுக்குள் தலைகீழாகக் குதித்து, அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து காட்டினால்தான் நீச்சல் தெரியும் என்று எங்கள் ஊரில் ஒப்புக்கொள்வார்கள். வெறுங்கையோடு மேலே வந்தால் அண்ணன்மார்கள் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள். நான் வெறுங்கையோடு வந்ததே கிடையாது. ஆனால் அந்த அடி எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அங்கே கும்மிருட்டு, கை தடவியதோடு சரி. பெரியவளானதும் கிணற்றில் இறங்கக்கூடாது என்றுவிட்டார்கள்.

கல்யாணமாகி சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஆபீஸ் வேலைக்குப் போனவர். வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவர். பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனால்கூடச் செருப்பைக் கழற்ற மாட்டார், அப்படி ஒரு பயம். அவர் சேர்ந்திருந்த மன்றத்தில் ஏற்காடு மலை ஏறுவது, சைக்கிளில் மேட்டூர் போவது என்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதில் சேர்ந்தார். அவர்தான் காற்று சிலிண்டர்களை எங்கிருந்தோ இரவல் வாங்கி, தொண்டிப் பக்கம் போய் ஒரு பகல் கடலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஆளுக்குப் பத்து நிமிஷம்.

வீட்டுப் பெண்களும் வரலாம், புளிசாதம் கட்டிக்கொண்டு! அவ்வளவுதான் எங்களுக்கு இடம். ஆனால் இறங்குகிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் எழுதச் சொன்னவர் என் வீட்டுக்காரர். "எங்க வீட்ல பிரமாதமா நீந்துவாங்க சார். நானெல்லாம் சும்மா பேருக்குத்தான்" என்றாராம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அதற்காக அவருடைய பழைய பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் மாட்டிக்கொள்ளக்கூடத் தயாராகிவிட்டேன். விடிவதற்கு முன்பே வேன் கிளம்பியது. வழி நெடுக அவரைச் சீண்டிக்கொண்டே வந்தேன். "ஏனுங்க, உங்களுக்கு முழங்கால் தண்ணியே போதுமுங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க." அவரும் சிரித்தபடி தலையாட்டினார்.

கடல் அன்றைக்கு அலையில்லாமல் கிடந்தது. கரையில் உட்கார வைத்து நேவிக்காரர் சொல்லிக் கொடுத்தார். "மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. மூச்ச மட்டும் அடக்கவே கூடாது. உள்ள போனாலும் மேல வந்தாலும் உட்டுக்கிட்டே இருக்கணும். அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும்." எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியவள் நான்தான். நீச்சல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறார் என்று நினைப்பு.

படகில் போய், இரண்டாள் ஆழத்தில் நங்கூரம் போட்டார்கள். என் முறை வந்தது. காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு நேவிக்காரர் கையைப் பிடித்து இறங்கினேன். தண்ணீர் தலைக்கு மேல் மூடியதுதான் தாமதம், மூச்சு தானாக நின்றுவிட்டது. அவர் தோளைத் தட்டினார். ஒரு மூச்சு விட்டேன். மறுபடி நின்றது. மேலே கூட்டி வந்து, பொறுமையாக இன்னொரு முறை சொல்லி, திரும்ப இறக்கினார். இந்த முறை நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அவர் கையை உதறிவிட்டு, மூச்சைக் கட்டி, ஒரே பாய்ச்சலில் அடிக்குப் போய், ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு விர்ரென்று மேலே வந்துவிட்டேன். சுற்றிலும் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை.

அவர் பின்னாலேயே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அம்மிணி, நான் சொன்னது காதுல உழுந்துச்சா இல்லியா? உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? போதும், ஏறுங்க." என் பத்து நிமிஷம் அத்தோடு முடிந்தது. கையை விரித்தேன். மணல் இருந்தது. யாருக்கு வேண்டும் அது?

அடுத்து என் வீட்டுக்காரர். தண்ணீரில் மூச்சடக்க அவருக்குத் தெரியவே தெரியாது. கட்டிலில் படுத்துத் தூங்குகிறவர் மாதிரி நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டே போனார். குமிழிகள் ஒரு தாளத்தில் வந்துகொண்டிருந்தன. பத்து நிமிஷமும் உள்ளேயே இருந்தார். மேலே வந்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. கைகளை அகல விரித்து என்னவோ சொல்ல ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு யார் பார்த்திருந்தாலும் தாங்கியிருப்பேன். திரும்பும் வழியில் திருச்சிக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தியபோது, நான் கேட்காமலேயே சொன்னார்: "ஒண்ணுமே தெரியல. ஒரே கலங்கல்." வேனில் மற்றவர்கள் ஆடும் புல்லையும் கோடு போட்ட மீன்களையும் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். பொய் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பொய் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. "அப்படிங்களா" என்று டீயைக் குடித்தேன்.

அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை. மன்றத்து நண்பர்கள் வீட்டுக்கு வந்து கடல் கதை பேசும்போதெல்லாம், "எனக்குக் கலங்கலாத்தான் இருந்துச்சு" என்று ஒதுங்கிக்கொள்வார். அவர்கள் சிரிப்பார்கள். நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.

இருபது வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், இருவரும் தனியாக இருந்தபோது கேட்டேன். "ஏனுங்க, அன்னைக்கு என்ன பாத்தீங்க? எனக்கு இப்ப வருத்தமில்லீங்க. நெசத்தச் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கையை விரிக்கப் போனவர், அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லாமயே இருந்துட்டனா, அதுலயே மறந்து போச்சு" என்றார்.

இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை.